ரேஷன் கார்டும் ஜெராக்ஸும்

எனக்கு மட்டிப் பழம் பிடிக்கும். எங்கள் ஆபீஸ் வடசேரியில் ஒரு வாழைக்குலை மொத்தக் கடையின் மாடியில் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், கீழேயிருந்து ரெண்டு பழம் ஏறி வந்துவிடும். சம்பவம் நடந்த அன்றைக்கும் வந்தது. சாப்பிட்டேன். அன்றைக்கு நான் பதற்றமாக இருந்தேனா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் இதை முதலில் சொல்கிறேன். பதறுகிறவன் பழம் கேட்க மாட்டான்.

பெயர் யேசுரத்தினம். வயது ஐம்பத்தொன்று. நாகர்கோவிலில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். வாக்குமூலத்தை ஸ்டேஷன் கம்ப்யூட்டரிலேயே அடித்துவிடுங்கள் என்றீர்கள் சார். பார்த்தேன். அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது, கரண்ட் கம்பிதான் இல்லை. அதனால் கையால் எழுதுகிறேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

2008-ல் கரையோர மக்கள் நலச் சங்கம் ஒரு தகவல் மையம் திறந்தது. திறப்பு விழாக் கல்லில் பதினாலு பெயர்கள். கல் எங்கள் சர்வரைவிடப் பெரியது, சர்வரைவிட நன்றாக வேலை செய்யும் என்று சொல்பவர்களும் உண்டு. ரிப்பன் வெட்டியவர், விளக்கேற்றியவர், கத்தரிக்கோல் வைத்த தட்டை நீட்டியவர் என்று வரிசையாக இறங்கி, பதினாலாவதாக, கல்லின் கீழ்விளிம்பில், 'தொழில்நுட்பம்: திரு. இ. யேசுரத்தினம்' என்று வரும். மழைக்காலத்தில் அந்த வரியில் மட்டும் பாசி பிடிக்கும். கைக்குட்டையால் துடைத்துவிடுவேன். பெருமைக்காக இல்லை. எழுதி வைத்தது படிக்கக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மையத்தின் வேலை சின்னது. கடலில் காற்று வரப்போகிறது என்று வானிலைக் குறிப்பு வந்தால், அதைக் கரையிலிருக்கும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கைபேசிகளுக்கு அனுப்புவது. வள்ளக்காரர்கள், கடல் தொழிலுக்குப் போகிறவர்கள், ஒவ்வொரு ஊர் மாதா கோயில் ஆபீஸும் அந்தப் பட்டியலில் உண்டு. முன்பெல்லாம் அவரவர் ரேடியோ கேட்டு, வானத்தைப் பார்த்து, கோயில் மைக்கில் சொல்லிக்கொள்வார்கள். ஒரு ஊரில் போகலாம் என்பார்கள், பக்கத்து ஊரில் போகாதே என்பார்கள். சங்கச் செயலாளர் கபிரியேல் சார் கூட்டம் போட்டார். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். இனிமேல் ஒரே வாயிலிருந்துதான் எச்சரிக்கை வர வேண்டும், கோயில் மைக்கும் எங்கள் செய்தி வந்த பிறகுதான் பேச வேண்டும் என்று முடிவாயிற்று. கைதட்டினார்கள்.

ரெண்டு வருஷத்தில் கரையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. செய்தி வந்தால் போகக்கூடாது, வராவிட்டால் கடல் சரி. ரெண்டாவது பாதியை நான் சொல்லவில்லை, அவர்களாகச் சேர்த்துக்கொண்டது. நான் மறுக்கவுமில்லை. நாம் செய்த ஒன்றை ஜனங்கள் அந்த அளவுக்கு நம்பும்போது குறுக்கே விழுந்து மறுப்பது மரியாதையில்லை.

செய்தியை அனுப்பும் வேலைக்கு லீமாவை வைத்தார்கள். கடற்கரைப் பெண். இருபத்தாறு வயது, பி.சி.ஏ. அப்பா இல்லை, அம்மை ஞானசெல்வி மீன் விற்கிறவள், ஆன்றோ என்று ஒரு தம்பி, அவன் தொழிலுக்குப் போகிறவன். லீமா என் மாணவிதான். வேலையில் குறை சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

ஒரு திருவிழாவுக்கு அவள் ஊருக்குப் போயிருந்தேன். கோயில் மதிலோரம் வலை பின்னிக்கொண்டிருந்த ரெண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"லீமா மெசேஜ் வந்தாச்சாலே?"

"வரல மக்கா. வந்தா போனு மணியடிக்கும்லா."

"அப்பம் போலாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு விசாரித்தேன். மையத்தின் பெயர் கல்லில் நாலு வரி நீளம். கரையில் ஒருத்தருக்கும் அது தெரியாது. எங்கள் செய்திக்கு அங்கே 'லீமா மெசேஜ்' என்று பெயர். சிலுவைமுத்து என்ற பெரியவரிடம், அந்தச் செய்தி போகிற புரோகிராமை எழுதியது நான்தான் என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் வலையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"அப்பிடியா சார். அப்பம் நீங்க நம்ம லீமாக்க ஆபீஸுலயாக்கும் வேலை பாக்கியது?"

சிரித்தேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பெயர் பின்னாலும் வரும்.

இனி கொஞ்சம் தொழில் விஷயம். பயப்பட வேண்டாம், நான் எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கும் புரியவைத்தவன்.

நாம் தட்டச்சு செய்வதை வாங்கி மற்ற நிரல்களை ஏவுகிற ஒரு நிரல் உண்டு. ஷெல் என்பார்கள். அது தாய். அது ஏவிவிடும் ஒவ்வொரு நிரலும் அதன் பிள்ளை. தாய் தன்னிடம் சில விவரங்களைப் பெயர் போட்டு வைத்திருக்கும், அவற்றுக்கு மாறிகள் என்று பெயர். பிள்ளை பிறக்கும்போது அந்த மாறிகளின் நகல் ஒன்று அதற்குக் கிடைக்கும். அசல் கிடைக்காது. வகுப்பில் நான் இதை ரேஷன் கார்டு வைத்துச் சொல்வேன். அம்மா ரேஷன் கார்டை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு பையனிடம் ஜெராக்ஸ் கொடுத்து அனுப்புகிறாள். பையன் வழியில் உட்கார்ந்து ஜெராக்ஸில் தன் பெயரை அடிக்கிறான், அப்பா பெயரை மாற்றுகிறான், இல்லாத தங்கச்சியைச் சேர்க்கிறான். என்ன ஆகும்? அலமாரியில் இருக்கிற கார்டுக்கு ஒன்றும் ஆகாது. பையன் போனதும் ஜெராக்ஸும் குப்பைக்குப் போகும். ஓடுகிற பிள்ளை தாயின் மாறியைத் தொட முடியாது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். இந்த ஊரில் கம்ப்யூட்டர் படித்த ஒரு தலைமுறைக்கே அந்த ஜெராக்ஸ் மனப்பாடம்.

எங்கள் மையத்தில் 'முறை' என்று ஒரு மாறி. தினமும் காலை ஒன்பது மணிக்கு லீமா அதை டிரில் என்று வைத்து ஒரு சோதனைச் செய்தி அனுப்புவாள். டிரில் என்றால் மூன்று போனுக்கு மட்டும்தான் போகும்: ஆபீஸ் போன், கபிரியேல் சார் போன், என் போன். மூன்றும் வந்ததும் முறையை லைவ் என்று மாற்றுவாள். லைவ் என்றால் பட்டியல் முழுக்கப் போகும். மாற்றியதும் மேசையை ரெண்டு தட்டு தட்டி, "லைவ் சார்" என்று என் பக்கம் பார்த்துச் சொல்வாள். அது அவள் வழக்கம். கோயிலில் தீர்த்தம் தொட்டு சிலுவை போடுகிற மாதிரி, ஒருநாளும் விட்டதில்லை.

டிரிலிலும் லைவிலும் திரை ஒரே மாதிரிதான் இருக்கும். 'அனுப்பப்பட்டது: 1846' என்றுதான் வரும். அப்படித்தான் எழுதியிருந்தேன். 2010 ஜூலை கமிட்டிக் கூட்டத்தில், டீ வந்துகொண்டிருந்த நேரத்தில், யாரும் கேட்காமலே லீமா எழுந்து நின்றாள்.

"சார், டிரிலுக்கும் நெசத்துக்கும் ஸ்கிரீன் ஒண்ணு போலயே இருக்கு. கை தவறிப் போச்சுன்னா எப்பிடித் தெரியும்? டிரில்னா செவப்புல எழுதிக் காட்டினா என்ன?"

கமிட்டி ஒருகணம் டீயை நிறுத்தியது. கபிரியேல் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யார் பேசினாலும் மார்க் போடுவார்.

"பிள்ளை கேக்குறது ஞாயமாட்டுதான் இருக்கு. என்ன யேசுரத்தினம், இது ஒமக்குத் தோணலியோ?"

பயிற்சி என்பது உண்மை மாதிரியே இருந்தால்தான் பயிற்சி என்று நான் விளக்கினேன். நல்ல விளக்கம். ஆனால் ஒருத்தர் சிரித்துவிட்டார். குறிப்பேட்டில் 'செல்வி லீமாவின் ஆலோசனை பாராட்டப்பட்டது' என்று எழுதினார்கள். வந்திருந்தவர்கள் பட்டியலில் முதல் ஏழு பெயருக்குப் பிறகு 'மற்றும் பலர்' என்று இருந்தது. அந்தப் பலரில் நான் ஒருத்தன்.

சிவப்பில் எழுதிக் காட்ட ஒரு வரி போதும். நான் எழுதவில்லை. வேலை அதிகம்.

நவம்பரில் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மையத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. அவருடைய எண்ணைப் பட்டியலில் சேர்த்து, அவர் முன்னால் லீமா ஒரு வணக்கச் செய்தி அனுப்ப வேண்டும், அவர் சட்டைப் பையில் போன் மணியடிக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்பது கபிரியேல் சாரின் ஏற்பாடு. பொன்னாடை ரெண்டு வாங்கினார்கள். ஒன்று அதிகாரிக்கு. ஒன்று லீமாவுக்கு.

அந்தப் போன் மணியடிக்காவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது சார், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னத் தலைக்குனிவு. நான் ஜூலையில் குனிந்த அளவுக்கு.

லைவ் என்று லீமா வைத்த பிறகு அது டிரில் ஆக வேண்டும். அவள் விரல் படாமல் ஆக வேண்டும். நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவே மாட்டாள், அதனால் நான் போய்த் தட்ட வழியில்லை. ஆனால் காலை ஒன்பதரைக்கு அவள் வானிலைக் குறிப்பை இறக்கும் புரோகிராமை ஓட்டுவாள். அது நான் எழுதியது. அது பிள்ளை, அவள் முன்னால் இருக்கும் ஷெல் தாய். பிள்ளை தாயின் மாறியைத் தொட முடியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

தொட முடியும். மருத்துவர் கையில் இருக்க வேண்டிய கருவி ஒன்று உண்டு, டீபக்கர் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை அப்படியே பிடித்து நிறுத்தி, வயிற்றுக்குள் கைவிட்டு, என்ன கோளாறு என்று பார்ப்பதற்கானது. பார்க்கிற கைக்கு மாற்றவும் முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் தாயின் எண் இன்னது என்று இயந்திரமே சொல்லிவிடும். பிள்ளை ஓடி முடிகிறவரை தாய் வேறு வேலை பார்க்காமல் வாசலில் காத்துக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளை டீபக்கரைக் கூப்பிட்டு, தாயைப் பிடித்து உறைய வைத்து, தாயின் கையைக் கொண்டே அலமாரியைத் திறந்து, அசல் கார்டில் ஒரு சொல்லை மாற்றச் செய்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடலாம். தாய் கண் விழிக்கும். ஒன்றும் தெரியாது. தான் எழுதியதுதான் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு வந்த லினக்ஸ் பதிப்புகளில் இந்த வாசலை அடைத்துவிட்டார்கள். எங்களுடையது பழையது.

மூன்று நாள் உட்கார்ந்தேன். நாலு வரி. நாலு முறை ஓட்டிப் பார்த்தேன், நாலு முறையும் பிசகில்லாமல் மாறியது. அழகாக இருந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு லீமா சோதனைச் செய்தி அனுப்பினாள். மூன்று போனும் அடித்தன. லைவ் என்று மாற்றினாள். மேசையை ரெண்டு தட்டு தட்டினாள். "லைவ் சார்" என்றாள். நான் கேட்டேன். தலையும் ஆட்டினேன். ஒன்பதரைக்குக் குறிப்பை இறக்கினாள். ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தது. பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி திரையில் அந்தச் சின்னக் கோடு வந்து கண் சிமிட்டியது.

பதினொன்றுக்கு அதிகாரி வரவில்லை. பெரியவர்களின் தாமதமும் இயற்கைச் சீற்றங்களில் ஒன்றுதான், அதற்கு முன்னறிவிப்பு மையம் யாரும் இன்னும் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வருவார் என்று பன்னிரண்டரைக்குச் செய்தி வந்தது. பொன்னாடைகளைத் திரும்ப மடித்து வைத்தார்கள்.

ஒன்று பத்துக்கு வானிலைக் குறிப்பு வந்தது. இது நிஜம். மாலைக்குள் பலத்த காற்று, யாரும் கடலுக்குப் போக வேண்டாம்.

லீமா படபடவென்று அடித்தாள். 'அனுப்பப்பட்டது: 1847'. அதிகாரியோடு சேர்த்து. மேசை மேல் ஆபீஸ் போன் மணியடித்தது. என் சட்டைப் பையில் என் போன் அதிர்ந்தது. லீமா மூச்சுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"வந்தாச்சு சார். நல்லவேளை, மூணு மணிக்கு வலையேத்துறதுக்கு முந்தியே வந்துது. ஆன்றோவும் இன்னைக்குப் போறதாட்டு இருந்தான்."

பிறகு தூக்குவாளியைத் திறந்து என் இலையில் மீன் விளம்பினாள். வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள்.

"சாளைப் புளிமுளம் சார். அவன் நேத்து கொண்டுவந்தது. அம்மை வச்சது."

சாப்பிட்டேன். புளி கொஞ்சம் தூக்கல், ஆனால் நன்றாக இருந்தது. பிறகு ஜன்னலைத் திறந்து பழம் கேட்டேன்.

வள்ளம் இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் ரெண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். யோசித்தேன் சார். நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. 'லீமா, எதற்கும் முறையை ஒருதரம் பார்' என்று சொல்லலாம். ஐந்து சொல். ஆனால் ஏன் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். பார்த்தால் டிரில் என்றிருக்கும். நான் லைவ் போட்டேனே என்பாள், கெட்டிக்காரி, ஒன்பதரைக்கு ஒரு நொடி தாமதித்தது அவள் மனதில் இருக்கும். ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம், வானிலைக் குறிப்பு பத்தில் ஆறு முறை பொய்க்கும். கரையில் இருப்பவர்களுக்குக் கண் உண்டு, வானம் கறுத்தால் அவர்களே போக மாட்டார்கள். ஒருவேளை லீமாவே முறையைப் பார்க்கக்கூடும். இப்படி நாலைந்து நியாயமான காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி முடிக்கும்போது மணி மூன்றே கால்.

வடசேரியிலிருந்து கடல் தெரியாது. என் ஜன்னலில் வாழைக்குலைகள்தான் தெரியும். அவை அசையவில்லை.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். மதியம் அனுப்பிய எச்சரிக்கையையே மறுபடி அனுப்பிக் காட்டச் சொன்னார் கபிரியேல் சார். லீமா அனுப்பினாள். ஆபீஸ் போன் அடித்தது. அதிகாரி தன் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போட்டோக்காரருக்கு முகம் காட்டிக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை.

"எனக்கு வரலையே" என்றார்.

"டவர் சார். நம்ம ஊருல டவர் கொஞ்சம் மந்தமாக்கும்" என்றார் கபிரியேல் சார்.

நான் மூன்று நாள் உட்கார்ந்து எதற்காக எழுதினேனோ அது நடந்துவிட்டது. லீமா தலை குனிந்தாள். ஆனால் வெட்கப்பட்டு இல்லை, கீபோர்டைப் பார்த்து. முறை என்னவென்று கேட்டு ஒரு கட்டளை அடித்தாள். டிரில் என்று வந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். ஒரு ஆளின் முகத்திலிருந்து அத்தனை சீக்கிரம் நிறம் போய் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் இல்லை. லைவ் போட்டாள், அனுப்பினாள். அதிகாரியின் போன் அடித்தது. அவர் மட்டும் கைதட்டினார்.

மணி நாலு பன்னிரண்டு. லீமா தம்பிக்குப் போன் போட்டாள். போகவில்லை. கோயிலுக்குப் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. கீழே வாழைக்குலைக் கடைப் போனுக்கு ஓடினாள். படியில் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது.

அப்போது தூரத்தில் இடி கேட்டது. இடிக்குப் பயந்து கம்ப்யூட்டரை அணைப்பது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். நானும் சுவரில் சுவிட்சை அணைத்தேன். முறையாக மூடாமல் கரண்டைப் பிடுங்கினால், அன்றைக்கு ஷெல்லில் என்னென்ன தட்டச்சு செய்தோம் என்ற வரலாறு எழுதப்படாமலே போய்விடும். காலையில் லீமா லைவ் என்று அடித்ததற்கு இருந்த ஒரே சாட்சி அது. செய்தி அனுப்பிய பதிவேடு மட்டும் தங்கும். அதில் ஒன்று பத்துச் செய்தி டிரிலில் போனதாகத் தெளிவாக இருந்தது. அந்த நாலு வரியைச் சாயங்காலம் எடுத்துவிட்டேன்.

அன்று லீமாவின் ஊரிலிருந்து நாற்பத்தாறு வள்ளம் போனது. நாலு பன்னிரண்டுக்குச் செய்தி கிடைத்து நாற்பத்தைந்து திரும்பியது. திரும்பாத வள்ளத்தில் மூன்று பேர். சிலுவைமுத்து. சகாயம். ஆன்றோ. ரெண்டு பேரைக் கடல் நாலாம் நாள் கொண்டுவந்து போட்டது. ஆன்றோவை இன்னும் போடவில்லை.

பத்து நாள் கழித்துச் சங்க மண்டபத்தில் விசாரணை. தொழில்நுட்ப நிபுணர் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். எனக்கு மைக் கொடுத்தார்கள். லீமாவுக்குக் கொடுக்கவில்லை.

"நான் லைவ் போட்டேன் சார். எனக்கு நல்ல ஓர்மை உண்டு" என்றாள். குரல் ஏறவே இல்லை. "எனக்க தம்பி நம்பரும் அந்த லிஸ்டுல உள்ளதுதானே. நான் அனுப்பாம இருப்பனா? நான் போட்டதுக்குப் பொறவு அது தானா மாறியிருக்கு. புரோகிராமுல ஏதோ உண்டு."

கபிரியேல் சார் என்னைப் பார்த்தார். "அப்பிடி மாறுமா யேசுரத்தினம்? உள்ளே ஓடுற புரோகிராம் போயி ஷெல்லுல உள்ளத மாத்துமா?"

நான் ரேஷன் கார்டைச் சொன்னேன். அலமாரி, ஜெராக்ஸ், பையன், இல்லாத தங்கச்சி. கமிட்டியில் ரெண்டு பேர் என் பழைய மாணவர்கள், நான் முடிப்பதற்கு முன்பே தலையாட்டினார்கள். துக்க வீடு மாதிரி இருந்த மண்டபத்தில், அந்தத் தங்கச்சி வந்த இடத்தில் ஒருத்தர் லேசாகச் சிரித்தார். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று முடித்தேன். இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை, பாடம் சொன்னேன்.

லீமா என் பக்கம் திரும்பினாள்.

"சார், மேசையில தட்டி 'லைவ் சார்'ன்னு சொன்னேனே. ஒங்களுக்குக் கேட்டுதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"தினமும்தான் சொல்வாய் லீமா. அன்றைக்குச் சொன்னாயா என்று எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்பக்கம் ஞானசெல்வி உட்கார்ந்திருந்தாள், மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு. லீமா அவளையும் பார்த்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல,

"அப்பம் நான்தான் மறந்துபோனேனோ" என்றாள்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் மாற்றியது ஷெல்லில் ஒரு சொல். அவளுக்குள் இருந்ததை நான் தொடவில்லை. அது தானாக மாறியது. இப்போது கேட்டால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வாள், சத்தியம் செய்வாள். நீங்கள் அவளை விசாரிக்கப் போனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவளே உங்கள் முன்னால் எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லக்கூடும்.

வேலையை விட்டு எடுத்தார்கள். ஊரில் அவளோடு யாரும் சண்டை போடவில்லை, பேசவுமில்லை. சகாயத்தின் மனைவி கோயிலில் இடம் மாறி உட்கார்ந்தாள். ஞானசெல்வி ஒரே வீட்டில் தனியாக அடுப்பு மூட்டினாள். ஆறு மாதம் பொறுத்துவிட்டு லீமா களியக்காவிளைக்குப் போனாள், அங்கே ஒரு துணிக்கடையில் சேலை மடித்து வைக்கிறாள் என்று கேள்வி. கையில் எப்போதும் ஒரு நோட்டு வைத்திருப்பாளாம். கடை ஷட்டரைப் பூட்டினேன், லைட்டை அணைத்தேன் என்று ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது கையெழுத்து வாங்கிக்கொள்வாளாம்.

நாலு வருஷம் ஆயிற்று. இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ளலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கருத்தரங்கு. ஷாஜன் என்று என் பழைய மாணவன், பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான், பேச வந்திருந்தான். மேடையில் என் ரேஷன் கார்டையே எடுத்துச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, "யேசுரத்தினம் சார் இங்கதான் இருக்காங்க, மன்னிக்கணும், அந்த அலமாரியை இப்ப நான் தொறக்கப்போறேன்" என்று சொல்லி, பழைய லினக்ஸ் ஒன்றில் டீபக்கர் வைத்துத் தாய் ஷெல்லின் மாறியை எல்லார் கண்முன்னாலும் மாற்றிக் காட்டினான். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. இது வேடிக்கைக்குத்தான், நம் பக்கத்தில் யாரும் இதை உண்மையில் செய்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னான்.

அவனுக்குப் பதினோரு வரி பிடித்தது. எனக்கு நாலு.

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தான். அப்புறம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சார், அப்பம் லீமாக்கா அன்னைக்குச் சொன்னது நடக்கக்கூடியதுதானே? ஒங்களுக்கு இது தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் பையன் நம்பியிருப்பான். விஷயம் அதோடு போயிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவன், தன் மாணவனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வான்.

"உனக்கு முன்னாலேயே தெரியும்" என்றேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். அவன் வேறு எங்காவது போய்ச் சொல்வதற்குள் நான் இங்கே வந்தேன். மற்றவர் வாயால் சொன்னால் விவரங்கள் தப்பாகிவிடும்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். போன வாரம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கரைக்காரர்கள் ரெண்டு பேர் யாரோ ஒரு பையனின் வயதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "லீமா காத்து அடிச்ச வருசம் பொறந்தவன்லா அவன்" என்றார் ஒருத்தர். நான் விசாரித்தேன். கரை முழுக்க அந்தக் காற்றுக்கு அதுதான் பெயராம். பெரிய காற்று எத்தனையோ வந்து போயிருக்கிறது, ஒன்றுக்கும் இப்படி ஆள் பெயர் நிலைத்ததில்லையாம். இனி அது மாறாதாம்.

அது அநியாயம் சார். அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம், அதனால்தான் சொல்கிறேன். அவள் அன்றைக்குச் சரியாகத்தான் செய்தாள், லைவ் போட்டாள், மேசையில் தட்டினாள், நான் கேட்டேன். ஒன்று பத்திலிருந்து மூன்று மணி வரை எச்சரிக்கை என் சட்டைப் பையில் இருந்தது. சிலுவைமுத்து, சகாயம், ஆன்றோ மூன்று பேரையும் கடலுக்கு அனுப்பியது நான். அவளால் அந்த நாலு வரியை எழுதியிருக்கவே முடியாது. அதற்கு அவள் பெயர் இருக்கக் கூடாது.

நீங்கள் பதிவு செய்யும்போது பெயரை முழுசாக எழுதுங்கள். இ. யேசுரத்தினம். இனிஷியலை விட்டுவிட வேண்டாம், இந்த ஊரில் அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.